ஏப்ரலில் பிறந்த பிள்ளைக்கு வைரம்தான் போடவேண்டுமா?

தர்மபுரத்தாள்:
என் மகள் ஏப்ரல் 20ஆம் திகதி பிறந்தவள். வருகிற பிறந்தநாளோடு அவளுக்கு 18 வயது. ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி, "ஏப்ரலுக்கு உரிய கல் வைரம், மருமகளுக்கு அதில்தான் மோதிரம்" என்று முடிவெடுத்துவிட்டான். மாமியார் ஒரேயடியாக மறுக்கிறார். வைரம் எல்லோருக்கும் ஒத்துவராது, குற்றமுள்ள கல் குடும்பத்தையே விழுத்திவிடும் என்கிறார். இந்தப் பிறந்த மாதக் கல் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நெடுங்கேணியான்:
அக்கா, உங்கள் தம்பி சொல்லும் பட்டியல் 1912இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிற்றியில் கூடிய நகை வணிகர் தேசியச் சங்கம் தீர்மானித்தது. அதற்கு முன்பும் ஐரோப்பாவில் மாதத்துக்கு ஒரு கல் என்ற நம்பிக்கை இருந்தது. விவிலியத்தில் தலைமைக் குருவான ஆரோனின் மார்புப் பதக்கத்தில் பதித்த 12 கற்களோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். ஆனால் ஊருக்கு ஊர் கல் மாறியது. பழைய பட்டியல்களில் ஏப்ரலுக்கு நீலக்கல்லும் உண்டு. வணிகர்கள் அதை ஒரே பட்டியலாக்கினார்கள். பிறகும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2002இல் டிசம்பருக்குத் தான்சனைட்டைச் சேர்த்தார்கள். அந்தக் கல் தான்சானியாவில் கண்டெடுக்கப்பட்டதே 1967இல்தான். பிறப்போடு பிணைந்த கல் என்பது உண்மையானால், சங்கம் கூடி அதைக் கூட்டவும் மாற்றவும் முடியுமா?

வைரத்தின் மேல் உள்ள மோகமும் பெரும்பாலும் அப்படி வளர்க்கப்பட்டதுதான். 1860களின் பிற்பகுதியில் தென்னாபிரிக்காவில் வைரம் வெளிப்பட்டு, கல் மலிந்துவிடும் நிலை வந்தது. 1888இல் உருவான டி பியர்ஸ் நிறுவனம் சந்தைக்குப் போகும் அளவைத் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டது. 'வைரம் என்றென்றைக்கும்' என்ற வாசகம் 1947இல் அதன் விளம்பர முகவர்களிடம் பிறந்தது. உங்கள் தம்பியின் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பாசத்துக்கு இன்ன கல்தான் அடையாளம் என்று தீர்மானித்தவர்கள் வியாபாரிகள் என்பதுதான் என் வாதம்.

வற்றாப்பளை வாசகி:
பட்டியல் அமெரிக்காவில் எழுதப்பட்டது சரி, தம்பி. அதை வைத்துக்கொண்டு வைரத்தையே அந்நியமாக்காதீர்கள். 1720களில் பிரேசிலில் கிடைக்கும் வரை உலகத்துக்கு வைரம் கொடுத்தது பெரும்பாலும் இந்தியாதான். கிருஷ்ணா ஆற்றங்கரையில் உள்ள கொல்லூர்ச் சுரங்கத்தில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக 60,000 பேர் வேலை செய்ததாக 17ஆம் நூற்றாண்டில் அங்கே போன பிரெஞ்சு வணிகர் தவெர்னியே எழுதினார். 1849இல் லாகூரின் சிறுவயது மன்னனிடமிருந்து ஆங்கிலேயர் பறித்துச் சென்ற கோகினூரும் இந்திய மண்ணில் எடுத்ததுதான். இன்று அது இலண்டன் கோபுரத்தில் இருக்கிறது. ஆண்கள் அணிந்தால் ஆகாது என்ற நம்பிக்கையும் அதைத் தொடர்ந்து வந்திருக்கிறது.

எங்கள் ஊரில் வைகாசிப் பொங்கலுக்கு வன்னியே திரண்டு வருகிறது, கண்ணகி அம்மனைப் பார்க்க. அந்தக் கண்ணகியின் கதையைச் சொல்லும் சிலப்பதிகாரத்தில், கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கும் ஊர்காண் காதையில் ஓர் இரத்தினக் கடைத்தெரு வருகிறது. அங்கே இருக்கும் வைரம் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்ற நான்கு குற்றங்களும் நீங்கியது. காகத்தின் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. உருப்பெருக்கிக் கண்ணாடியோடு இன்றைய நகைக்கடைக்காரர் தேடுவதும் இவற்றைத்தானே! தர்மபுரத்து அக்காவின் மாமியார் 'குற்றமுள்ள கல்' என்று பயப்படுகிறாரே, அந்தப் பயம் எந்த விளம்பரமும் கற்றுக்கொடுத்ததல்ல. அமெரிக்கச் சங்கம் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தியது.

சாதகக்குறிப்பு:
ஒரு விளக்கம் மட்டும். நவரத்தினங்களில் வைரம் சுக்கிரனுக்கு உரியது. ஏப்ரல் 20இல் சூரியன் நிற்பது மேடத்தில். மேடத்தின் அதிபதி செவ்வாய், அவருக்குரியது பவளம். அதோடு நாங்கள் இராசி சொல்வது பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடத்தை வைத்து. ஆகவே ஆங்கில மாதத்தை மட்டும் பார்த்துக் கல் சொல்வது எங்கள் முறையில் இல்லை. பிள்ளையின் சாதகத்தைப் பார்க்காமல் வைரம் ஆகும் என்றோ ஆகாது என்றோ யாரும் சொல்ல முடியாது. மாமியாருக்கும் இதுவே பதில்.

நெடுங்கேணியான்:
வற்றாப்பளை அக்கா, அதே அடிகளில் 'நால்வகை வருணத்து' என்றும் வருகிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெள்ளைக் கல் பிராமணருக்கு, கருமை படர்ந்தது சூத்திரருக்கு என்று பழைய இரத்தின சாத்திரங்கள் கல்லுக்கும் சாதி வகுத்தன. ஆண் குழந்தை வேண்டும் பெண்கள் வைரமே அணியக்கூடாது என்று சிலர் கருதுவதாக 6ஆம் நூற்றாண்டில் சோதிட அறிஞர் வராகமிகிரர் எழுதினார். பழையது என்பதற்காக ஒன்றைத் தலையில் வைத்தால் இவற்றையும் வைக்கவேண்டும். எனக்குச் சம்மதமில்லை.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 1990களில் சியரா லியோனிலும் அங்கோலாவிலும் ஆயுதக் குழுக்கள் வைரம் விற்ற பணத்தில் போர் நடத்தின. சியரா லியோனில் சாதாரண சனங்களின் கைகளை வெட்டினார்கள். 2003இல் கிம்பர்லி நடைமுறை என்ற சான்றிதழ் முறை வந்தது. அது தடுப்பது அரசுகளுக்கு எதிரான கிளர்ச்சிக் குழுக்கள் விற்கும் கல்லை மட்டும். அரச படையே சுரங்கத்தில் கொடுமை செய்தால் அந்த வரையறைக்குள் வராது. போரில் பொதுமகனாக இருப்பது என்னவென்று வன்னியில் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாங்கள் இன்னோர் ஊரின் இரத்தம் பட்டிருக்கக்கூடிய கல்லைப் பிள்ளையின் விரலில் போடலாமா?

2009ஐயும் நினைத்துப்பாருங்கள். மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் அரிசிக்கும் பால்மாவுக்கும் நகையைக் கழற்றிக் கொடுத்த தாய்மாரை நாங்கள் அறிவோம். அன்றைக்குப் பவுண் கைகொடுத்தது. கல்லுக்கு யார் ஒரு பிடி அரிசி கொடுத்திருப்பார்?

ஓமந்தைப் பட்டறை:
நான் தலைமுறையாகத் தட்டார் வேலை செய்கிறவன். நெடுங்கேணித் தம்பி சொன்னது அடகு விடயத்தில் முழு உண்மை. நகையை வைக்கப்போனால் கல்லின் நிறையைக் கழித்துவிட்டுப் பவுணுக்கு மட்டும்தான் பணம் தருவார்கள். காலபோக நெற்செய்கைக்கு விதைநெல்லும் உரமும் வாங்க நகையை வைத்து, அறுவடை முடிந்து மீட்கும் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். விற்கப்போனாலும் வைரத்துக்கு வாங்கிய விலை திரும்பாது.

கல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். அப்பம்மாவின் வைரத்தோடு என்று எங்கள் பக்கத்தில் கொண்டுவருபவற்றில் பல, மாத்தறை வைரம். அது வைரமே அல்ல. தென்னிலங்கையில் கிடைக்கும் நிறமற்ற சேர்கன் கல். இலங்கையில் நீலக்கல் உண்டு, வைடூரியம் உண்டு, வைரச் சுரங்கம் கிடையாது. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியை வைத்து, கல்லைச் சற்றுச் சரித்து, மேல்முகத்தின் ஊடாக அடிப்பட்டைகளின் விளிம்பைப் பார்ப்பேன். சேர்கனில் ஒவ்வொரு விளிம்பும் இரண்டு கோடாகத் தெரியும். வைரத்தில் ஒரே கோடு, ஊசியால் கீறியதைப்போல. பழைய சேர்கனில் பட்டைகளின் முனைகளும் அரிபட்டு மழுங்கியிருக்கும். கேட்டவுடன் சிலர் அழுதுவிடுகிறார்கள். அதனால் அந்தத் தோடு மதிப்பற்றதாகிவிடாது. கட்டிய வேலை அந்தக் காலத்து நல்ல வேலை.

தர்மபுரத்தாள்:
ஐயா, ஆய்வுகூடத்தில் செய்யும் வைரம் என்று தம்பி ஏதோ சொன்னான். அது போலியா?

ஓமந்தைப் பட்டறை:
போலி இல்லை, பிள்ளை. 1954இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார்கள். இதுவும் அதே கரிமம், அதே கடினம். கடைகளில் சூடு கடத்துவதைப் பார்க்கும் பேனாவை வைத்தாலும் இரண்டுக்கும் வித்தியாசம் காட்டாது. விலை மட்டும் மிகக் குறைவு. எது வாங்கினாலும் சான்றிதழ் கேட்கச் சொல்லுங்கள். பல கற்களில் அதன் எண்ணை விளிம்பில் லேசரால் பொறித்திருப்பார்கள்.

வற்றாப்பளை வாசகி:
தம்பி, சாதிப் பிரிவை நான் தூக்கிப்பிடிக்கவில்லை. கோவில் வாசலில் ஒருகாலம் சாதி நின்றது என்பதற்காக நாங்கள் கோவிலை இடிக்கவில்லை, வாசலைத் திறந்தோம். கல்லையும் அப்படித்தான் பார்க்கவேண்டும். இரத்தம் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. அதற்குப் பட்டறை ஐயா சொன்ன ஆய்வுகூடக் கல்லே விடை. அதில் சுரங்கமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை.

ஆனால் அரிசிக்கு உதவாது என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். எங்கள் பெண்கள் கழுத்தில் போட்டதெல்லாம் ஆபத்துக்கு விற்கவேண்டிய பொருளாகவே இருந்துவிட்டது. தாலிக்கொடிகூட அடகுக்கடையின் கணக்கில் இருந்தது. 1772இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே பெரிய கண்ணாடி வில்லையால் வெயிலைக் குவித்து வைரத்தை எரித்துப் பார்த்தார். 1797இல் ஆங்கிலேய வேதியியலாளர் டெனன்ட் அது வெறும் கரிமம் என்று நிறுவினார். அடுப்புக் கரியும் பென்சில் முனையும் எதுவோ அதுவே. பூமிக்கடியில் 150 கிலோமீற்றருக்கும் கீழே, நூறு கோடி ஆண்டுக்கும் மேலான காலத்துக்கு முன் அழுத்தத்தில் இறுகி, எரிமலைக் குழம்போடு மேலே வந்தது. இதைக் கேட்டு வியந்து, அழகு என்பதற்காக மட்டும் ஒரு நகையைப் போட்டுக்கொள்ள 18 வயதுப் பிள்ளை ஒருத்திக்கு வன்னியில் உரிமை இல்லையா?

நெடுங்கேணியான்:
உரிமை இருக்கிறது, அக்கா. விரும்புகிறாளா என்று அவளிடம் யாராவது கேட்டார்களா என்பதே என் கவலை. மாமன் ஒன்று சொல்கிறார், அப்பம்மா ஒன்று சொல்கிறார், நாங்களும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஏப்ரல் என்பதால் போடவேண்டும் என்றால் நான் கடைசிவரை எதிர்ப்பேன். அவளே கேட்டால், ஆய்வுகூடக் கல்லாகப் போடுங்கள், மிச்சப் பணத்தை அவள் படிப்புக்கு வங்கியில் இடுங்கள்.

ஓமந்தைப் பட்டறை:
மோதிரம்தான் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். வைரம் இன்னொரு வைரத்தைத் தவிர எதனாலும் கீறுப்படாது என்பதை வைத்து உடையாது என்று நினைக்கிறார்கள். சில திசைகளில் பலமாக அடிபட்டால் பிளந்துவிடும். உயர்ந்த கொக்கிகளில் கல்லைத் தூக்கிக் கட்டும் வேலை சைக்கிளிலும் கிணற்றுக்கட்டிலும் கை படும் பிள்ளைக்குச் சரிவராது. சுற்றிவரப் பவுண் விளிம்பு மூடிய கட்டாக, தாழ்வாகச் செய்யச் சொல்லுங்கள்.