சினையின் 15-ஆம் நாளில் செம்மறியின் கருப்பைத் தசை துடிப்பது ஏன்?

கேள்வி:
கிடாவுடன் சேர்ந்த நாள் 0. 15-ஆம் நாளில் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் (சினையைக் காக்கும் ஹார்மோன்) 2.5 நானோகிராம்/மி.லி. ஆனால் கருப்பைக் கொம்பில் (கருப்பையின் இரு கிளைகளில் ஒன்று) தைத்த மின்முனைகளில் துடிப்பு கூடியிருக்கிறது. கரு கலைகிறதா? சினையானால் தசை அடங்கித்தானே இருக்க வேண்டும்?

பதில் 1:
அடங்கியிருக்கும், அசைவற்றிருக்காது. எண்ணிக்கையை விடுங்கள், பரவுகிறதா என்று பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஓங்கும், ஆடு கிடாவை ஏற்கும் பருவத்தில் தசைச் செல்களுக்கிடையே இணைப்புகள் பெருகும்; குறுகிய, வலுவான துடிப்புகள் அடுத்தடுத்து எழுந்து கொம்பு நெடுக ஓடும். புரோஜெஸ்டிரோன் கை ஓங்கினால் துடிப்பு பலவீனமாக, ஒழுங்கற்று, எழுந்த இடத்திலேயே ஓயும். ஒரே கொம்பில் சில செ.மீ. இடைவெளியில் இரண்டு மின்முனைகள் இருந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரே சூலகத்திலிருந்து இரண்டு முட்டை வரும்போது ஒரு கரு மறு கொம்புக்கு நகர்வதே இந்த மெல்லிய அசைவால்தான்.

நிமிடத்துக்கு ஒன்று வீதம் சீராக வந்தால் அது ரூமனின் (ஆட்டின் பெரிய முன்வயிறு) சுருக்கமாகவும் இருக்கலாம். ரூமன் சுவரில் ஒரு மின்முனை வைத்து ஒப்பிடுங்கள்.

பதில் 2:
ஒற்றை 2.5 எதையும் நிரூபிக்காது. சினையாகாத ஆட்டிலும் 15-ஆம் நாள் காலை அந்த அளவு இருந்து மறுநாள் 1-க்குக் கீழே விழலாம். 18-ஆம் நாள் வரை தினமும் ரத்தம் எடுங்கள்.

கரு சுரக்கும் சமிக்ஞைப் புரதமான இன்டர்ஃபெரான் டௌ உச்சமடைவது 14–16 நாட்களில். அது கருப்பை உட்சுவரில் ஆக்ஸிடோசின் ஹார்மோனைப் பற்றும் ஏற்பிகள் பெருகவிடாது. அதனால் கார்பஸ் லூட்டியத்தை (புரோஜெஸ்டிரோன் சுரக்கும் சூலகத் திசு) அழிக்கும் புரோஸ்டாகிளாண்டின் அலையலையாக வெளியேறாது, அந்தத் திசு பிழைக்கும், தசையும் புரோஜெஸ்டிரோன் பிடியிலேயே இருக்கும். கரு பிந்தி வளர்ந்தாலோ, மிகச் சிறியதாக இருந்தாலோ இந்தச் சமிக்ஞை போதாமல் போகும்.

கேட்டவர்:
புரோஸ்டாகிளாண்டினையே நேரடியாக அளந்தால்?

பதில் 2:
கழுத்துச் சிரை ரத்தத்தில் பிடிபடாது. நுரையீரலை ஒருமுறை கடப்பதற்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். அதன் வளர்சிதைப் பொருளை அளங்கள், மணிக்கொரு மாதிரி. அலைகள் பல மணி நேர இடைவெளியில்தான் வரும். நாளுக்கு இரண்டு மாதிரி எடுத்தால் எல்லாமே தவறிவிடும். சினை ஆட்டில் அடிமட்ட அளவு சற்றுக் கூடியே இருக்கலாம், அலை மட்டும் இருக்காது. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

பதில் 3:
புரோஸ்டாகிளாண்டின் வெளியேறுகிறதா என்று ஆக்ஸிடோசின் ஊசி போட்டுச் சோதிப்பதானால், அதே நாள் தசைப் பதிவை ஒதுக்கிவிடுங்கள். அந்த ஊசி தசையையே சுருக்கும்.