கிருபையை வாங்கத் தெரியாமல் நின்ற நேரங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மார்த்தாளின் மருமகள்

ஆறு வருடமாக மனதை அரிக்கிறது, எழுதிவிடுகிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனை. நம் ஊர்க் கிறிஸ்தவக் கோயில்களில் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு மணி அடித்து வாழ்த்துச் சொல்லி முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைத் தட்டுக்கு முன்னால் வரிசை. ஆளுக்கு ஓர் அட்டை பார்க்காமல் எடுக்க வேண்டும், அதிலிருக்கும் வேத வசனம்தான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு. வீட்டுக் கடனில் மூன்று தவணை நின்றிருந்தது, கணவருக்கு வேலை போய் ஏழு மாதம். "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்பதுதான் எனக்கு வேண்டும். எடுத்தேன். "என் கிருபை உனக்குப் போதும்."

கோபம்தான் வந்தது. போதாது ஆண்டவரே, தவணை கட்ட வேண்டும்! பக்கத்தில் நின்றவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அட்டையைத் தட்டுக்கு அடியில் செருகிவிட்டு வேறொன்றை எடுத்தேன். ஆலைகளில் திராட்சரசமும் எண்ணெயும் வழிந்தோடும் என்று வந்தது. திருப்தி.

தட்டைப் பிடித்திருந்தவர் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டியாரின் மனைவி. அந்த ஆச்சிக்குக் கண் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலேயே வந்தார். என் கையை விரித்து, அட்டையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். "இது உன்னுடையதுதானே, பிள்ளை?" உள்ளங்கையில் அட்டையின் மூலை குத்தியது.

அந்த வருடம் வீட்டை விற்றோம். ஆச்சி பார்த்தாரா, இல்லையா? எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

தேரிக்காட்டான்

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இதற்கும் கிளி ஜோசியத்துக்கும் என்ன வித்தியாசம்? கிளிக்கு நெல்மணி கிடைக்கிறது, நமக்குக் கேக் துண்டு. தலையாக்குவார் என்ற வசனம் உபாகமம் 28இல் இருக்கிறது. கற்பனைகளுக்குச் செவிகொடுத்தால் என்ற நிபந்தனையோடு இருக்கிறது. அட்டையில் அந்தப் பாதி வராது.

ஏன் வராது என்று எனக்குத் தெரியும். சிவகாசியில் இந்த அட்டைகள் அச்சாகும் ஓர் இடத்தில் நான்கு வருடம் இருந்தேன். வசனப் பட்டியல் தயாராக வரும். எல்லாமே பலுகிப் பெருகுகிற வசனங்கள். ஒரு தடவை நானாக "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்பதைச் சேர்த்தேன். மேலாளர் மெய்ப்புத் தாளில் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "வருடப்பிறப்பன்று இதை எடுத்தவன் என்ன பாடுபடுவான், தம்பி?" என்றார். "இதுவும் ஆண்டவர் சொன்னதுதானே, ஐயா?" என்றேன். அவர் மையை ஊதி உலர்த்திக்கொண்டே இருந்தார். அவர் நல்ல விசுவாசி, அதுதான் எனக்கு ஆறவில்லை.

பாளை பழைய மாணவன்

தேரிக்காட்டாருக்கு: சீட்டைக் கிளியோடு சேர்க்க வேண்டாம். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீடராகத் தெரிந்தெடுத்ததே சீட்டுப் போட்டுத்தான், அப்போஸ்தலர் 1ஐப் பாருங்கள். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் ஊரில் மொராவிய சபை என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தைச் சீட்டால் எடுத்துப் புத்தகமாக அச்சிட்டது 1731இல். இன்றும் வருடந்தோறும் வெளிவருகிறது. அவர்கள் கல்யாணத்துக்கே சீட்டுப் போட்டுப் பார்த்தவர்கள்! அது கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். அக்காள் செய்த தவறு சீட்டு எடுத்ததில் இல்லை, இரண்டாவது சீட்டு எடுத்ததில் இருக்கிறது.

என் கதை சின்னது. அப்பா இறந்த பிறகு தெருமுனை மளிகைக்கடையில் பற்று நோட்டு என் பெயருக்கு வந்தது. பதினோராயிரத்துச் சொச்சம். முதல் சம்பளத்தில் இரண்டாயிரம் கொண்டுபோனேன். கடைக்கார பாய் நோட்டைத் திருப்பிக் காட்டினார். அப்பாவின் பக்கங்களைக் கிழித்திருந்தார். தையலில் கிழிந்த ஓரம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. "உன் அப்பா கணக்கு முடிந்துவிட்டது, நீ புதிதாகத் தொடங்கு" என்றார்.

நன்றி சொல்லவில்லை நான். எட்டு மாதம் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் பஸ்ஸுக்குப் போனேன். இலவசமாகக் கிடைத்தது அவ்வளவு அவமானமாக இருந்தது. ஞாயிறு பள்ளியில் எபேசியர் 2:8ஐ மனப்பாடமாய்ச் சொல்லிப் பரிசு வாங்கியவன் நான். "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." கடைசியில் ஒரு நாள் மழைக்கு ஒதுங்க அந்தக் கடைத் தாழ்வாரம்தான் கிடைத்தது. பாய் ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தார், அதையும் இலவசமாக.

இரவுப் பணி

நான் செவிலியர். அம்மாவுக்குச் சர்க்கரை. ஊருக்கு வந்த ஓர் ஊழியக்காரர் ஜெபித்துவிட்டு, "சுகமாகிவிட்டது, இனி ஊசி போடுவது அவிசுவாசம்" என்றார். அம்மா எனக்குத் தெரியாமல் இன்சுலினை நிறுத்திவிட்டார். நான்காம் நாள் போனால் மூச்சில் பழ வாசனை, இன்சுலின் இல்லாமல் உயிருக்கே ஆபத்தாகும்போது வருவது. வார்டில் அந்த வாசனையை எத்தனை பேரிடம் முகர்ந்திருக்கிறேன்! என் அம்மாவின் வாயிலிருந்து அது வந்தபோது கை வேலை செய்யவில்லை. ஆட்டோக்காரர்தான் தூக்கினார்.

பிழைத்துவிட்டார். கண் விழித்ததும் அவர் கேட்டது: "என் விசுவாசம் போதவில்லையா, மகளே?" அந்த மனிதரை மன்னிக்க முடியாமல் இருப்பது அந்தக் கேள்விக்காக. வேதத்திலேயே பவுல் தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவின் வயிற்றுக்குத் திராட்சரசம் எழுதிக் கொடுத்தார், லூக்கா வைத்தியன். மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து, 1951இல் சாகும்வரை பெரும்பாலும் டோனாவூரில் தன் அறைக்குள்ளேயே இருந்தார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று அந்த ஊரில் போய் யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

ஜெபக்குறிப்பு

சகோதரி, உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் கசப்பு வேர் நல்லதல்ல. நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள், கோடு போட்டதாக இருக்கட்டும். இடப்பக்கம் கவலை, வலப்பக்கம் தேதி. அதிகாலை நான்கரைக்கு எழுந்துவிட வேண்டும், காபி பிறகுதான். முதலில் ஸ்தோத்திரங்கள், நூறு சொன்னால் நல்லது. பிறகு ஒரு சங்கீதம். நாளைக்கான கவலையை இன்றைய பக்கத்தில் எழுதவே கூடாது. வனாந்தரத்தில் தேவன் இஸ்ரவேலருக்கு அன்றன்றைக்குக் கொடுத்த மன்னா என்ற உணவை மறுநாளைக்கு வைத்தவர்களுக்கு அதில் புழு பிடித்தது நினைவிருக்கிறதா? சனிக்கிழமை மட்டும் நாளைக்கும் சேர்த்து எழுதலாம், ஏனென்றால் ஓய்வுநாளுக்கு முந்தின நாள் அவர்கள் இரட்டிப்பாய்ச் சேர்த்தார்கள். நமக்கு ஓய்வுநாள் ஞாயிறு என்பதால் சனிக்கிழமை. மாத முடிவில் நிறைவேறியதற்குப் பச்சை மை. நீல மை வேண்டாம், குழப்பும். அம்மாவுக்கு வெந்தயத்தை இரவே ஊறவைத்துக் கொடுங்கள்.

எனக்கும் அனுபவம் உண்டு. போன வருடம் அந்த நோட்டு பஸ்ஸில் தொலைந்துவிட்டது. இரண்டு நாள் ஜெபிக்கவே வரவில்லை.

இரவுப் பணி

வெந்தயத்துக்கு நன்றி, அண்ணாச்சி. அம்மாவுக்கு ஊசியே போதும். நோட்டு தொலைந்த அந்த இரண்டு நாளைப் பற்றி எழுதுங்கள். அதைத்தான் படிக்க ஆசை.

மார்த்தாளின் மருமகள்

பாளைக்காரர் சொன்னது உறைத்தது. இந்த ஞாயிறு ஆச்சியைப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் இருக்கிறார். எல்லாவற்றையும் சொல்லி, "அன்று நான் மாற்றி எடுத்ததைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். "தட்டைத் தூக்கும்போது ஏதோ அட்டை கீழே விழுந்தது. நீதான் கடைசியாய்ப் போனாய், உன்னுடையது என்று ஓடி வந்தேன். எனக்கு எங்கே எழுத்து தெரிகிறது?" என்றார்.

பிறகு அதில் என்ன போட்டிருந்தது என்று கேட்டார். சொன்னேன். "நல்ல வசனம், எனக்கு அப்படி ஒன்று வந்ததே இல்லை" என்றார். அட்டை கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன், தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.