பூமிக்குக் காய்ச்சலாம்!

கெடிலக்கரையான் (கடலூர்):
"பூமிக்குக் காய்ச்சல், நாம்தான் கிருமி, அவளே தன்னைக் குணப்படுத்திக்கொள்வாள்" என்று ஒரு படம் நேற்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. கடுப்பாகிவிட்டது. தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் அடித்தது, அப்புறம் பல நாள் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, லாரித் தண்ணீரைப் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வைத்தோம், மூடி காற்றோடு போயிருந்தது. ஒரு வாரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் முழுக்கக் கொசுப்புழு நெளிகிறது. அடுத்து என் மகளுக்கு டெங்கு. இதில் குணமானது யார்?

உப்புக்காற்று (புதுச்சேரி):
அண்ணே, படத்தைத் திட்டுங்கள், கருத்தை விட்டுவிடுங்கள். விஞ்ஞானிகள் லவ்லாக்கும் லின் மார்குலிஸும் 1970களில் சொன்ன கையா கருதுகோள் வேறு: உயிர்களும் காற்றும் கடலும் பாறையும் சேர்ந்து பூமியை உயிர் வாழத் தக்கதாக வைத்திருக்கின்றன என்பது அது. பூமி பிறந்தபோது சூரியன் இப்போதைவிட ஏறக்குறைய 30 சதவீதம் மங்கல். வெயில் இவ்வளவு ஏறியும் கடல் கொதித்துப் போய்விடவில்லை. வெள்ளி, செவ்வாய் இரண்டிலும் காற்று பெரும்பாலும் கரியமில வாயு, இங்கே 21 சதவீதம் ஆக்சிஜன். செடியும் பாசியும் இல்லையென்றால் அந்த ஆக்சிஜன் இரும்போடும் பாறையோடும் சேர்ந்து தீர்ந்துபோகும். நம் உடம்பு 37 டிகிரியில் நிற்கிற மாதிரிதான்.

பழைய வாத்தியார்:
அந்த உடம்பு உவமைதான் உதைக்கிறது தம்பி. உடம்பு இயற்கைத் தேர்வில், அதாவது போட்டியில் தாக்குப்பிடித்தது பிள்ளை பெற்றுப் பெருகுவதில், உருவானது. பூமிக்குப் பங்காளியும் இல்லை, பிள்ளைகுட்டியும் இல்லை, எதைத் தேர்ந்தெடுப்பது? உயிரியலாளர்கள் டூலிட்டிலும் டாக்கின்ஸும் 1980களின் தொடக்கத்திலேயே கேட்டார்கள். பதிலுக்கு 1983ல் விஞ்ஞானி வாட்சனும் லவ்லாக்கும் கணக்குப் போட்டுக் காட்டிய டெய்சி உலகம், டெய்சிப் பூ மட்டுமே பூக்கும் ஒரு கற்பனைக் கோள், அழகானது, ஒத்துக்கொள்கிறேன்: கறுப்புப் பூ வெயிலை உறிஞ்சும், வெள்ளைப் பூ திருப்பி அனுப்பும், யாரும் திட்டம் போடாமலே சூடு ஓர் அளவில் நிற்கும். ஆனால் சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜனை ஏற்றியதும் நுண்ணுயிர்தானே, அதுவரை வாழ்ந்தவற்றில் பலவற்றுக்கு அது விஷம். அதையும் சீராக்கியது என்பாயா?

உப்புக்காற்று:
சரி சார், விஷம்தான். ஆனால் சூடு கூடினால் மழை கூடும், பாறை கரையும், கரியமில வாயு சுண்ணாம்பாகிக் கடலடியில் படியும், திரும்பவும் குளிரும். அது பொய்யா?

கெடிலக்கரையான்:
எவ்வளவு நாளாகும்?

உப்புக்காற்று:
லட்சக்கணக்கான வருஷம்.

கெடிலக்கரையான்:
அதுவரை டிரம்முக்கு மூடி யார் போடுவது?

தில்லைமரம்:
நான் கிள்ளைப் பக்கம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சுனாமிச் சேதம் குறைவு என்று ஆராய்ச்சிக்காரர்கள் எழுதினார்கள், காடு இல்லை, மேடும் கடலிலிருந்து இருந்த தூரமும்தான் காரணம் என்று வேறு சிலர் மறுத்தார்கள். எனக்குத் தெரிந்தது, அந்த வேருக்குள்தான் இறால் குஞ்சும் நண்டும் வளர்கின்றன, எங்கள் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். அதே காட்டில் தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் கண் போச்சு. காடு நம்மை நினைத்து எதுவும் செய்வதில்லை, அதற்காக வெட்டிப்போட முடியுமா?

கெடிலக்கரையான்:
காட்டுக்குச் சரி அக்கா. காய்ச்சல் படத்துக்கு மாட்டேன், போட்டவர் அழிக்கட்டும்.

உப்புக்காற்று:
போட்டது என் மாமனார் அண்ணே. நான் எப்படிச் சொல்வேன்?