சொரியாசிஸுக்கு பயோலாஜிக் ஊசி: போட்டுக்கொண்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈரோடு, ஜவுளிக்கடைக் கணக்கர்

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரி நாட்களிலிருந்தே எனக்கு சொரியாசிஸ் இருக்கிறது. முழங்கையில் சின்னதாக ஆரம்பித்து முதுகு, தொடை, தலை என்று பரவியது. ஸ்டீராய்டு களிம்பு, தார் ஷாம்பு, வெட்பாலைத் தைலம், மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. தைலம் வறட்சியையும் அரிப்பையும் குறைத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். மெத்தோட்ரெக்ஸேட் நன்றாகவே கேட்டது. ஆனால் கல்லீரல் பரிசோதனையில் அளவுகள் ஏற ஆரம்பித்ததால் டாக்டர் நிறுத்திவிட்டார்.

அப்புறம்தான் செகுகினுமாப் என்ற பயோலாஜிக் ஊசிக்கு வந்தோம் (உயிரணுக்களில் தயாரித்து, நோயைத் தூண்டும் குறிப்பிட்ட புரதத்தை மட்டும் அடக்கும் மருந்துகளைத்தான் பயோலாஜிக் என்கிறார்கள்; இது அடக்குவது ஐஎல்-17 என்ற புரதத்தை). முதலில் வாரம் ஒருமுறையாக ஐந்து தவணை, அதன் பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு தவணையும் 300 மில்லிகிராம். வயிற்றிலோ தொடையிலோ நாமே போட்டுக்கொள்ளலாம். முதல் மாதம் முடிவதற்குள் செதில் உதிர்வது நின்றது. அடுத்து தடிப்புகள் தட்டையாகின. பல வருடங்களுக்குப் பிறகு கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். என் மனைவி அன்று அழுதுவிட்டார்.

ஒன்றை முன்பே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தடிப்பு போன இடமெல்லாம் கருநிழல் தங்கியது, மங்க மாதக்கணக்கில் ஆனது. நம் தோல் நிறத்துக்கு இது இயல்பு, நோய் அடங்கிய பிறகு நிறம் மட்டும் மெதுவாகத் திரும்பும். மருந்து கேட்கவில்லையோ என்று இந்த நிழலைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் அது வெறும் நிறம்தான்.

இப்போது என் கேள்வி. ஒரு பெரிய ஆய்வில் இந்த மருந்தை உஸ்டெகினுமாப் என்ற இன்னொரு பயோலாஜிக்கோடு ஒப்பிட்டார்கள். 16-ஆவது வாரத்தில் நோய் 90 சதவீதம் அடங்கியவர்கள் இதில் 79 சதவீதம் பேர், அதில் சுமார் 58 சதவீதம் பேர். அந்த எண்ணைப் பார்த்துத்தான் சம்மதித்தேன். ஆனால் ஆய்வுகளுக்கு ஆட்களைப் பொறுக்கித்தான் எடுக்கிறார்கள். சர்க்கரை, கொழுப்புக் கல்லீரல், அதிக எடை, பழைய காசநோய் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நாம் வாங்கிப் போடும்போது எப்படி வேலை செய்கிறது? எத்தனை காலம் தாக்குப்பிடித்தது? நிறுத்தியிருந்தால் ஏன் நிறுத்தினீர்கள்? உண்மையாக எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வருவது ஒன்று விளம்பரம், இல்லையென்றால் பயமுறுத்தல்.

மதுரை, பள்ளி ஆசிரியை

அண்ணா, எனக்கு மூட்டிலும் சேர்த்து. காலையில் சாக்பீஸ் பிடிக்க முடியாது, விரல்கள் வீங்கி மடங்காது. அதனால் டாக்டர் அடாலிமுமாப் என்ற பயோலாஜிக் எழுதினார். முதலில் 80 மில்லிகிராம், அடுத்த வாரம் 40, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40. சைடஸ் நிறுவனம் 2014 டிசம்பரில் இந்த மருந்தின் முதல் பயோசிமிலரை (அசல் மருந்தைப் போலவே வேறு நிறுவனம் தயாரிப்பது) இந்தியாவில் கொண்டுவந்தது. அது வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு விலை ஓரளவு எட்டியது.

ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை செய்தார்கள். மார்பு எக்ஸ்ரே சுத்தம், ஆனால் இக்ரா ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். எனக்கு இருமல் கூடக் கிடையாது. நம் நாட்டில் நிறையப் பேருக்குக் காசநோய்க் கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும், அடாலிமுமாப் போல டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை அடக்கும் ஊசி போட்டால் அது விழித்துக்கொள்ளலாம் என்று விளக்கினார். தடுப்பு மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம் ஆன பிறகே ஊசி தந்தார். அந்த ஒரு மாதம் எனக்குப் பெரிய எரிச்சல். ஆனால் அந்தப் பரிசோதனை இல்லாமல் ஊசி தருகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனையும் அப்படித்தான்.

மூட்டு வலி சில வாரங்களிலேயே இறங்கியது. தோல் முக்கால்வாசி போனது, தலையும் காலும் பாக்கி. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. பிறகு மெல்ல மெல்ல பிடி விட்டது. உடம்பே மருந்துக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கிக்கொள்வது சிலருக்கு நடக்குமாம். இப்போது ஐஎல்-17 வகைக்கு மாற்றியிருக்கிறார், மூட்டும் தோலும் இரண்டுமே கேட்கின்றன. ஒரு மருந்து கைவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தூத்துக்குடி, லாரி டிரைவர்

சார், எனக்கும் கேட்டது. ஆனால் தொடர முடியவில்லை. முதல் தவணைகளுக்கு அக்கா நகையை அடகு வைத்துக் கொடுத்தார். உடம்பு முழுக்கச் சுத்தமாகிவிட்டது. அதன் பிறகு மாதா மாதம் வாங்க வழியில்லை, நிறுத்தினோம். சில மாதம் தாங்கியது, பிறகு பழைய இடங்களிலேயே திரும்ப வந்தது. முன்பைவிட மோசமாகவில்லை, அது ஒரு ஆறுதல்.

இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறஊதா ஒளி சிகிச்சையும் மெத்தோட்ரெக்ஸேட்டும். பாதி அடங்கியிருக்கிறது. ஆரம்பிப்பதற்கு முன் ஒரு வருடச் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மருந்து நல்ல மருந்துதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைப் பார்த்துவிட்டு இழப்பதுதான் ரொம்ப வலிக்கிறது.

சென்னை, தந்தைக்காக எழுதும் மகள்

தூத்துக்குடி அண்ணா, வீட்டில் யாருக்காவது மருத்துவக் காப்பீடு இருந்தால் பாலிசியைத் திரும்பப் படியுங்கள். 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட வழிகாட்டுதலில், காப்பீடு விலக்கக்கூடாத நவீன சிகிச்சைகளின் பட்டியலில் ஊசியாகத் தரப்படும் மோனோகுளோனல் ஆன்டிபாடியும் (இங்கே பேசும் ஊசிகள் அந்த வகைதான்) இருந்தது. எங்கள் நிறுவனம், படுத்துச் சிகிச்சை எடுக்கவில்லை என்று முதலில் மறுத்தது. டாக்டரின் கடிதத்தோடு மேல்முறையீடு செய்து, இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) போவோம் என்று எழுதிய பிறகே ஒரு பகுதியைத் தந்தார்கள். உச்சவரம்பு இருக்கும், முழுப் பணம் வராது. ஆனாலும் விடாதீர்கள்.

அப்பாவுக்கு எழுபதை நெருங்குகிறது. சர்க்கரையும் இருக்கிறது, இதயமும் பலவீனம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு டிஎன்எஃப் வகை ஆகாது என்று சொல்லி செகுகினுமாப் கொடுத்தார்கள். நாக்கில் வெள்ளைப் பூஞ்சை வந்தது. இந்த வகை ஊசியில் அது வரக்கூடியதே, மருந்து போட்டதும் சரியானது, ஊசியை நிறுத்தவில்லை. எடை 90 கிலோவுக்கு மேல் என்பதால் உடம்பு முழுக்கச் சுத்தமாகவில்லை. கால் முன்பக்கம் இன்னும் இருக்கிறது, நகத்தில் குழிகள் மறையவும் ரொம்ப நாளாகிறது. ஆனால் இரவில் சொறியாமல் தூங்குகிறார். அவருக்கு அதுவே போதும் என்கிறார், எனக்கும் போதும்.

லண்டன், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்

ஈரோட்டுத் தம்பி கேட்டது சரியான கேள்வி. நான் இங்கே நீண்டகாலமாகப் பயோலாஜிக் எடுக்கிறேன். இங்கே காசு பிரச்சினையில்லை, ஆனால் லேசில் தரமாட்டார்கள். தோலின் சிவப்பு, தடிப்பு, செதில், பரப்பு எல்லாம் பார்த்து 0 முதல் 72 வரை ஒரு புள்ளி போடுவார்கள், அது குறைந்தது 10 இருக்க வேண்டும். வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வித்தாளில் 10-க்கு மேல் வர வேண்டும். வழமையான மாத்திரைகள் கேட்காமல் போயிருக்கவும் வேண்டும். எங்கள் தோலில் சிவப்பு ஊதாவாகவோ கபிலமாகவோ தெரிவதால் புள்ளி குறைந்துபோகும் ஆபத்து உண்டு. நான் தாதியிடம் நேரடியாகவே கதைத்தேன், அவ மருத்துவரைக் கூப்பிட்டுத் திரும்பப் பார்க்க வைத்தா.

நான் முதலில் எடுத்தது அடாலிமுமாப். 2018 அக்டோபரில் ஐரோப்பாவில் காப்புரிமை முடிந்ததும் பயோசிமிலருக்கு மாற்றினார்கள். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

இங்கே 2007 முதல் பேட்பிர் என்றொரு பதிவேடு நடக்கிறது. பயோலாஜிக் எடுக்கிறவர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்க்கிறார்கள், நானும் ஒப்புதல் கொடுத்து அதில் இருக்கிறேன். 2015-இல் வெளிவந்த அவர்களின் கணக்குப்படி, முதல் பயோலாஜிக்கை ஓராண்டு முடிவில் தொடர்ந்தவர்கள் 77 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 53. அந்த நாளில் இருந்த மருந்துகளில் உஸ்டெகினுமாப்பில்தான் ஆட்கள் கூடுதல் காலம் நின்றார்கள். பெண்களும் புகைப்பவர்களும் கெதியாக நிறுத்தினார்கள். ஸ்பெயின் நாட்டுப் பதிவேட்டில் பார்த்தபோது, நிஜத்தில் ஊசி எடுக்கிறவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் ஆய்வுகளில் சேரவே தகுதியில்லாதவர்கள், பாரதூரமான பக்கவிளைவும் அவர்களுக்குத்தான் கூட. சென்னைத் தங்கச்சியின் அப்பாவைப் போன்றவர்கள் அவர்கள்தான். அதனால் 79 சதவீதம் என்பது பொய்யில்லை, ஆனால் அது 16 வாரக் கணக்கு.

பிறகு வந்த, ஐஎல்-23 என்ற புரதத்தை அடக்கும் குசெல்குமாப் போன்ற மருந்துகள் இன்னும் நல்லாய் நிற்கின்றன. குசெல்குமாப்பையும் செகுகினுமாப்பையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில், 48-ஆவது வாரத்தில் 90 சதவீதம் அடங்கியவர்கள் குசெல்குமாப்பில் 84 சதவீதம், செகுகினுமாப்பில் 70 சதவீதம் என்று வந்தது. தொடக்கத்தில் வேகம் செகுகினுமாப்புக்கு, நின்று பிடிப்பது மற்றதற்கு. நானும் இப்போது குசெல்குமாப்தான், ஆரம்பத் தவணைகளுக்குப் பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை.

வேலூர், மருந்துக்கடை நடத்துபவர்

வாடிக்கையாளர்களிடம் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் கூடாது, ஃப்ரிட்ஜ் கதவிலும் வேண்டாம். வாங்கும்போது தெர்மோகோல் பெட்டியும் ஐஸ் ஜெல்லும் கேட்டு வாங்குங்கள். போடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறையும். இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள், தடிப்பு உள்ள இடத்தில் குத்த வேண்டாம்.

இன்னொன்று எனக்குப் பெரிய கவலை. சில இடங்களில் "சொரியாசிஸ் ஊசி" என்று சொல்லி ஸ்டீராய்டு ஊசி போட்டுவிடுகிறார்கள். ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆகும். விட்டதும் உடம்பெல்லாம் சிவந்து, சீழ்க்கொப்புளம் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கிற நிலைக்குப் போனவர்கள் உண்டு. பயோலாஜிக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெட்டியின் மேல் உள்ள மருந்துப் பெயரைப் படித்துப் பார்க்காமல் கையை நீட்டாதீர்கள்.

மதுரை, பள்ளி ஆசிரியை

வேலூர் சார், ஊசி தேதி அன்று காய்ச்சல் இருந்தால் போடலாமா? வகுப்பில் பிள்ளைகளிடமிருந்து அடிக்கடி ஒட்டிக்கொள்கிறது.

வேலூர், மருந்துக்கடை நடத்துபவர்

காய்ச்சலோ, ஆன்டிபயாட்டிக் எடுக்கும் அளவுக்குத் தொற்றோ இருந்தால் அன்று போடாதீர்கள் டீச்சர். டாக்டருக்குப் போன் செய்து தேதியைத் தள்ளிக் கேளுங்கள், அதனால் பெரிதாக ஒன்றும் கெடாது. இருமல் விடாமல் நீடித்தாலோ, எடை குறைந்தாலோ, மாலைக் காய்ச்சல் வந்தாலோ காசநோயை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளலாம். சின்னம்மை, எம்எம்ஆர் மாதிரி உயிருள்ள கிருமித் தடுப்பூசி மட்டும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.