புதுப்பிப்பு: ரியாக்ட்ல பேஜுக்குப் பேஜ் டைட்டில், மெட்டா டேக் மாத்துறது

முன்னாடி கேட்டிருந்தேன்ல, ஒரே ரியாக்ட் (வெப் பேஜ் கட்டுற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ஆப்ல ஒவ்வொரு பேஜுக்கும் தனி டைட்டில், டிஸ்கிரிப்ஷன் வைக்க, அந்த டேக்கை மாத்தித் தர்ற ஹெல்மெட் லைப்ரரியே போதுமா, வேற வழி இருக்கான்னு. முடிஞ்சிருச்சு மக்களே, ஹெல்மெட்டையே தூக்கியாச்சு. 2024 டிசம்பர்ல வந்த ரியாக்ட் 19-ல டைட்டில், மெட்டா, லிங்க் டேக்கை எந்த காம்பொனென்ட்குள்ள (பேஜோட ஒரு துண்டுக்குள்ள) எழுதுனாலும் அதுவே பேஜோட தகவல் டேக் இருக்குற ஹெட் பகுதிக்குக் கொண்டுபோய் வச்சிடுது, நிஜமாவே நிம்மதியா இருக்கு.

ஆனா ரெண்டு இடத்துல உஷாரா இருங்க. டைட்டில் டேக்குள்ள பொருள் பேரை கர்லி பிராக்கெட்ல போட்டு பக்கத்துலயே கடை பேரை டைப் பண்ணா கன்சோல்ல வார்னிங் வரும், ஏன்னா அதுக்கு ஒரே ஸ்ட்ரிங்தான் வேணும், பேக்டிக் (`) போட்டு ஒண்ணா சேர்த்துக் குடுத்துடுங்க. அப்புறம் இண்டெக்ஸ் ஹெச்டிஎம்எல்ல ஏற்கனவே ஒரு டிஸ்கிரிப்ஷன் இருந்தா ரியாக்ட் அதைத் தொடாது, புதுசும் பழசும் ரெண்டுமே ஹெட்ல உக்காந்திருக்கும், பழசை நாமதான் எடுக்கணும்.

லிங்க் ஷேர் பண்ணா வர்ற வாட்ஸ்அப் பிரிவியூ பத்தி கேட்டவங்களுக்கு: அது ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பாக்காது, அதனால ஓஜி டேக் (பிரிவியூல வர்ற டைட்டில், படத்தைச் சொல்ற மெட்டா டேக்) எல்லாம் சர்வர்ல இருந்தே வரணும். அந்த வேலை இப்பதான் ஓடிட்டிருக்கு.