செஸ்னா மூன்று முறை துள்ளியது: ஓடுதளம் போதவில்லையா?

ஓமலூர் சம்பங்கித் தோட்டம்:
கமலாபுரம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் காடு. அங்கே இறங்குபவற்றைப் பார்த்தே வளர்ந்த என் அக்கா மகன், வடக்கே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை ஓட்டப் பழகுகிறான். போன வாரம் தனியாக இறங்கியபோது விமானம் மூன்று முறை துள்ளி, மூக்குச் சக்கரம் மடங்கிவிட்டது. அவனுக்கு உதட்டில் கீறல், அவ்வளவுதான். 1,500 மீட்டர் ஓடுதளம் போதவில்லை என்கிறான். உண்மையா?

சேலம் ஜங்ஷன்:
பழைய விமானமாக இருக்கும். 2023 செப்டம்பரில் மும்பையில் லியர்ஜெட் என்ற ஜெட் விமானமே ஓடுதளத்தை விட்டு விலகி உடைந்ததே.

ஏற்காட்டு மெக்கானிக் (ஓய்வு):
அது கொட்டும் மழையில் நடந்தது, தம்பி, இதோடு சேர்க்காதீர்கள். எட்டுப் பேரும் பிழைத்தார்கள்.

தோட்டக்காரரே, முப்பது வருடம் சிறு விமானங்களுக்கு அடியில் படுத்து எழுந்தவன் நான். 172 ஐம்பதடி உயரத்தில் வந்து, இறங்கி நிற்க ஏறக்குறைய 400 மீட்டர் போதும். ஏற்காட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் வண்டி விலகினால், பாதை நீளம் போதவில்லை என்றா சொல்வோம்?

வேகம்தான் விஷயம். பத்து விழுக்காடு கூடினால் தரையில் கரைக்கவேண்டிய ஆற்றல் 21 விழுக்காடு கூடும். இறக்கைக்கு இன்னும் பறக்கத் தெம்பு இருக்கும்போதே சக்கரத்தைத் தரையில் வைத்தால் எம்பும். பதறிப்போய், மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை முன்னால் தள்ளுவார்கள். மூக்குச் சக்கரம் முதலில் அடிக்கும். முன்னைவிட உயரமாக எம்பும். மூன்றாவது அடியைத்தான் மூக்குக் கால் தாங்காது. முதல் துள்ளலிலேயே முழு விசை கொடுத்து மேலேறி, ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கவேண்டும்.

மூக்குக் கால் பிடித்திருப்பது எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகட்டில். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் தகடு பனை விசிறிபோல மடிந்திருப்பது தெரியும். தளர்ந்த ரிவெட்டுகளைச் சுற்றிக் கறுப்பாகப் பொடி படிந்திருக்கும். புரொப்பெல்லர் முனை தரையைத் தொட்டிருந்தால் எஞ்சினையும் பிரித்துப் பார்த்தாகவேண்டும். செலவைக் கேட்காதீர்கள்.

மாப்பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: ஓடுதளம் தொடங்கும் இடத்தில் எத்தனை 'நாட்' (knot, விமான வேக அளவு) வேகத்தில் வந்தான்? 65 போதும்.

ஓமலூர் சம்பங்கித் தோட்டம்:
இப்போதுதான் போனில் கேட்டேன், ஐயா. 78 என்றான். கைப்பிடியைத் தள்ளினாயா என்றேன். "தள்ளினேன் மாமா, இரண்டு தடவை" என்றான்.