மால்டா லேஸ்: கைவேலையா, மிஷின் வேலையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

புளியமரத்தடி:

அடுத்த மாதம் அலுவலக வேலையாக மால்டா போகிறேன். வேலை முடிந்ததும் இரண்டு மூன்று நாள் ஊர் சுற்ற நேரம் இருக்கிறது. மனைவி தையல் வகுப்பு நடத்துகிறாள், அவளுக்கு மால்டா லேஸ் வேண்டுமாம். இணையத்தில் பார்த்தால் ஒரே மாதிரித் தெரிகிற மேசை விரிப்பு ஓரிடத்தில் 15 யூரோ, இன்னோரிடத்தில் 200க்கு மேல். எதை நம்புவது? கண்ணாடி, வெள்ளி நகை என்றும் சொல்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

கடல்காகம்:

நேராக டா அலி கைவினைக் கிராமத்துக்குப் போய்விடுங்கள். இரண்டாம் உலகப் போரில் விமானத்தளமாக இருந்த இடம். கண்ணாடி, வெள்ளி, மண்பாண்டம், லேஸ் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். உலையிலிருந்து கண்ணாடியை எடுத்து ஊதுவதைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். மால்டாவின் பாரம்பரியம் என்றால் எனக்குக் கண்ணாடிதான். லேஸெல்லாம் எல்லா ஊரிலும் கிடைக்கும்.

கோஸோ நர்ஸ்:

கடல்காகம் சார், கண்ணாடி அழகுதான், நானும் வீட்டில் வைத்திருக்கிறேன். ஆனால் இங்கே கண்ணாடி செய்கிற மதீனா கிளாஸ் கம்பெனி தொடங்கியதே 1968இல்தான். என் வார்டில் இருக்கிற பாட்டிகளைவிட வயதில் சின்னது அது!

நான் கோஸோ தீவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே லேஸுக்கு பிட்சில்லா என்று பெயர். எங்கள் பாட்டிகளில் நிறையப் பேர் ஒரு காலத்தில் பிட்சில்லா போட்டுத்தான் வீட்டுச் செலவைச் சமாளித்தவர்கள். ஒருவர் இன்னும் விடவில்லை. காலையில் மாத்திரை எடுத்துக்கொண்டு போனால் கையை நீட்ட மாட்டார். "இந்த இலை முடியட்டும்" என்பார். நானும் டம்ளரோடு நிற்பேன்.

டிரைபு என்பது வைக்கோல் திணித்த நீளமான தலையணை. அதைச் சாய்த்து நிறுத்தி, துளையிட்ட மாதிரி அட்டையை அதன்மேல் பொருத்தி, துளைகளில் குண்டூசி குத்தியபடி நூலை ஓட்டிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு நூல் முனையிலும் சொம்பினி என்கிற மரக்கட்டை தொங்கும். அகலமான துண்டு என்றால் கட்டைகள் டஜன் கணக்கில் இருக்கும். அசைவு என்னவோ இரண்டுதான். ஒன்று நூலைக் குறுக்கே மாற்றுவது, மற்றது முறுக்குவது. அவர் கை போகிற வேகத்தில் கட்டைகள் மோதும் சத்தம்தான் நமக்குப் பிடிபடும், விரல் எங்கே போகிறது என்று தெரியாது.

இப்போது உங்கள் கேள்வி. மால்டா லேஸ் என்றதும் எல்லோரும் எட்டு முனைச் சிலுவையைத் தேடுவார்கள். அதை மிஷினும் போட்டுவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது லேஸில் வருகிற இலை வடிவத்தை. கோதுமை மணி மாதிரி குட்டையாக, குண்டாக இருக்கும். ஒரு இலைக்கு நான்கு நூல். மூன்று நீளவாக்கில் நிற்கும், நான்காவது அவற்றின் மேலும் கீழுமாகப் போய் வந்து நெய்யும். அந்த நான்காவது நூலின் கட்டையைப் பாதியில் விட்டால் அதன் கனமே நூலை இழுத்து இலையைச் சுருக்கிவிடும். பாட்டி மாத்திரைக்குக் கை தராததற்குக் காரணம் அதுதான், பிடிவாதம் இல்லை (கொஞ்சம் பிடிவாதமும் உண்டு).

கடையில் துண்டை வெளிச்சத்தில் பிடித்து, போன் கேமராவில் பெரிதாக்கி இலையைப் பாருங்கள். கைவேலை என்றால் நெய்த துணி போல இழைகள் ஒழுங்காகப் போய் வந்திருக்கும், இலை சற்றுப் புடைத்திருக்கும், பக்கத்து இலை அச்சு அசலாக அதே போல் இருக்காது. மிஷின் லேஸில் பெரும்பகுதி, கரைகிற துணியில் எம்ப்ராய்டரி போட்டு, பிறகு துணியைக் கரைத்து எடுப்பது. அதில் இலை முழுக்க நெருக்கமான தையலாகத் தெரியும், ஓரத்தில் பிசிறு இருக்கும், எல்லா இலையும் ஒன்றே போல் வரும். அப்புறம் பின்பக்கத்தைத் திருப்புங்கள். நூல் முடித்த இடம் கைவேலையில் எங்காவது அகப்படும்.

முழு மேசை விரிப்பும் கைலேஸ், விலை 15 யூரோ என்றால் அதைப் போட்டவருக்கு யார் கூலி கொடுத்தது? யோசித்தாலே போதும். உங்கள் மனைவி தையல்காரர், அவருக்குப் பெரிய விரிப்பு வேண்டாம். தேன் நிறப் பட்டில் போட்ட ஒரு சின்னத் துண்டு வாங்குங்கள். அந்தப் பட்டு முன்பெல்லாம் பார்சிலோனாவிலிருந்து வருமாம். இல்லாவிட்டால் ஓரத்துக்கு மட்டும் கைலேஸ் வைத்த லினன் துணி.

தலைநகர் வலெட்டாவில் தேசிய நூலகத்துக்கு முன்னால் விக்டோரியா ராணி சிலை இருக்கிறது, 1891இல் வாலென்டி என்ற சிற்பி செய்தது. ராணி மடியில் மால்டா லேஸ் சால்வையைக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார். கடைக்குப் போகுமுன் அதைப் பார்த்துவிடுங்கள், காசு கேட்க மாட்டார்கள். லேஸ் இங்கே மால்டாவை ஆண்ட நைட்டுகள் (செயின்ட் ஜான் சபை வீரர்கள்) காலத்திலேயே உண்டு, இடையில் நொடித்துப்போனது. 1833இல் ஹாமில்டன் சிசெஸ்டர் சீமாட்டி ஜெனோவாவிலிருந்து லேஸ்காரர்களை வரவழைத்த பிறகுதான் மறுபடி பிடித்துக்கொண்டது. 1851 லண்டன் கண்காட்சியில் பார்த்துவிட்டு இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயர்க்காரர்களே இதைப் பார்த்துப் போட ஆரம்பித்தார்கள். எல்லா ஊரிலும் கிடைப்பது இப்படித்தான், கடல்காகம் சார்!

நாஞ்சில்வாசி:

நர்ஸ் அக்கா, நீங்கள் சொன்ன தலையணையும் கட்டையும் எங்கள் ஊருக்கும் தெரிந்ததுதான். 1820களிலேயே மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்கு இந்த ரேந்தை வேலையைக் கற்றுக்கொடுத்தார். பெயரைப் பார்த்து மால்டாக்காரி என்று நினைத்துவிடாதீர்கள், லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆங்கிலேயர். அங்கே இளவட்டங்கள் யாராவது கற்றுக்கொள்கிறார்களா?

கோஸோ நர்ஸ்:

வகுப்புகள் நடக்கின்றன தம்பி, பொழுதுபோக்காகச் சேருகிறார்கள். இதை நம்பிக் குடும்பம் நடத்துவது கஷ்டம். பாட்டியின் பேத்தி வங்கியில் வேலை பார்க்கிறாள். இலை போடத் தெரியும், பொறுமை இல்லை என்கிறாள்.

புளியமரத்தடி:

ரொம்ப நன்றி அக்கா. அப்படியென்றால் கோஸோவுக்கே வந்துவிடுகிறேன். எப்படி வருவது? துவைப்பது எப்படி என்றும் மனைவி கேட்கிறாள்.

கோஸோ நர்ஸ்:

சிர்கேவா துறையிலிருந்து இம்ஜாருக்குக் கப்பல், அரை மணிகூட ஆகாது. போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் வாங்குவார்கள். சான் லாரென்ஸ் ஊருக்குப் பக்கத்தில் டா டிபீஜி கைவினைக் கிராமம் இருக்கிறது, கோஸோவின் முக்கிய ஊரான விக்டோரியாவில் டோக் சதுக்கத்தைச் சுற்றியும் கடைகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் பூட்டியிருக்கும், வேறு நாள் பாருங்கள். பட்டு லேஸை வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்ல அலசுங்கள், பிழிய வேண்டாம். துண்டுமேல் விரித்து ஓரத்தில் குண்டூசி குத்தி நிழலில் காயவிடச் சொல்லுங்கள். கொஞ்சம் ரொக்கமும் கொண்டு வாருங்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்து போடுகிற பாட்டிகளிடம் கார்டு எடுக்காது.